ஈசலை வறுத்தது நான்தான்

சிங்காநல்லூர்,
கார்த்திகை மாதம், 1996.

அன்பு மகன் மோகன்குமாருக்கு அம்மா எழுதுவது. மாகாளியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் உன் தங்கை சுகந்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்கவேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். உன் பெண்டாட்டி லோகப்பிரியாவின் பெயரை இந்த வரியில் சேர்க்காமல் விட்டது மறதியால் இல்லை கண்ணு. அவள் அன்னூரில் அவள் அப்பா வீட்டில் இருப்பது உனக்குத் தெரியும், அவள் அம்மாவுக்கு முட்டிவலி, ஒத்தாசைக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்பா ஃபோனில் உன்னிடம் அப்படித்தான் சொன்னார். அது பொய். சொல்லச் சொன்னது நான். நீ அன்னூருக்கு ஃபோன் செய்யும்போதெல்லாம் அவளும் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறாள், என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல இருக்கிறது.

வீட்டுச் சேதியை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் பேனா நகராது. மழை இந்த வருஷம் நன்றாகப் பிடித்துக்கொண்டது, குளம் நிரம்பி ரோட்டை எட்டிப் பார்க்கிறது. அப்பாவின் பட்டறையில் கிரைண்டர் வேலை தீபாவளியோடு மந்தமாகிவிட்டது, அதற்கும் என் மேல்தான் எரிந்து விழுகிறார். நீ அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போகிறார், வேர்த்து ஊற்றினாலும் கழற்றுவேனா என்கிறார். பிறகு உன் கடிதம் வந்தது. உங்கள் ஊர்க் காலேஜில் பூச்சிக் கண்காட்சி வைத்தார்களாம், வெட்டுக்கிளியை வறுத்துச் சாக்லேட்டில் தோய்த்தும் புழுவை மாவாக்கி பிஸ்கட் சுட்டும் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்களாம், வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று கண்ணை மூடி வாயில் போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்களாம், நீ மட்டும் தொடாமல் வந்துவிட்டாயாம். நம் ஊரில் யாராவது இதைத் தின்பார்களா அம்மா, லோகாவிடம் காட்டினால் ஒரு வாரத்துக்குச் சோறு இறங்காது என்று சிரித்து எழுதியிருந்தாய். அப்பா அதைச் சத்தமாகப் படித்தார். சுகந்தி பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்குக் கையிலிருந்த காப்பி ஆறிப்போயிற்று. நீ கேட்டதற்குப் பதில் எங்கள் எல்லாருக்கும் தெரியும், உனக்குத்தான் தெரியாது.

தின்பார்கள் சாமி. உன் அம்மா தின்பாள். மேட்டுப்பாளையம் பக்கம் நான் பிறந்த ஊரில் மழை விட்ட சாயங்காலம் ஈசல் பிடிக்காத வீடு கிடையாது, உனக்குப் பல் முளைத்த வயதில் நானே வறுத்து உன் வாயில் ஊட்டியிருக்கிறேன், உனக்கு ஞாபகம் இருக்க நியாயமில்லை. சிங்காநல்லூர் வந்து பட்டறை வைத்து நாலு பெரிய மனிதர் வந்துபோகிற வீடாக ஆனபிறகு நான் அதை வெளியில் சொல்வதை விட்டுவிட்டேன், தின்பதை விடவில்லை. ஐப்பசியில் ஒரு நாள் மழை விட்டு மஞ்சள் வெயில் அடித்தது. காம்பவுண்டுக்குப் பின்னால் இருக்கிற காலி சைட்டில் புற்று வாய் திறந்து ஈசல் புகை மாதிரி கிளம்பிவிட்டது. எனக்குக் கை பரபரத்துவிட்டது. இந்த வயதிலா என்று கேட்காதே. பின்வாசல் பல்பைப் போட்டு அதற்கு நேர் கீழே அண்டாவில் தண்ணீர் வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். லோகா எட்டிப் பார்த்து, "அய்யோ அத்தை, என்னங்க இது, மேலெல்லாம் ஊருதுங்க" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள். கரப்பானைக் கண்டால் கட்டில் மேல் ஏறுகிற பெண். அவள் அப்பா ஐயாசாமி சம்பந்தி வீட்டில் ஈசலைக் கையால்கூடத் தொட்டதில்லை, இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்.

அவளை விடாமல் கூப்பிட்டு முறத்தைக் கையில் கொடுத்து இறகைப் புடைக்க வைத்தவள் நான். முகத்தைத் திருப்பிக்கொண்டே புடைத்தாள். இரும்புச் சட்டியில் உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் போட்டு வறுத்து, வறுத்த அரிசியும் பொட்டுக்கடலையும் கலந்தேன், வாசம் வீட்டைத் தூக்கியது. "ஒண்ணே ஒண்ணு வாயில போடு அம்மணி, எனக்காக. புடிக்கலைன்னாத் துப்பிப்போடு" என்றேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு போட்டாள், மென்றாள், ஒரு கண்ணை மட்டும் திறந்து, "முந்திரிக்கொட்டை வறுத்தாப்பல இருக்குதுங்க அத்தை" என்றாள். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து ஒரே தட்டத்தில் தின்றோம். நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டே சிரித்துப் பழகியவள் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள். "அவருக்கு இதை எழுதட்டுங்களா, நம்பவே மாட்டாருங்க" என்று கேட்டாள், எழுது எழுது என்றேன். மீதியை எவர்சில்வர் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆர்.எஸ்.புரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சென்னகிருஷ்ணன் என்பவர், ஸ்பின்னிங் மில்லில் பங்கு இருக்கிறது, அவர் மகனுக்குத்தான் சுகந்தியைப் பார்த்திருக்கிறது என்று உனக்கு முன்பே எழுதியிருந்தேன். அன்றைக்குக் கை நனைப்பதாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். சம்பந்தம் வேண்டாம் என்றால் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள், இலையில் உட்கார்ந்துவிட்டால் முடிந்தது என்று அர்த்தம், நம் பழக்கம் உனக்குத் தெரியாததா. விடிந்ததிலிருந்து லோகா அடுப்படியை விட்டு நகரவில்லை, பருப்பு, பொரியல், ரசம், பாயசம் எல்லாம் அவள் கை வேலை. இலை போடும் நேரம் மாப்பிள்ளையின் அம்மா உரிமையாகச் சமையல்கட்டுக்குள் வந்தார். அலமாரியில் இருந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, பொரி என்று நினைத்து ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "நல்லாருக்குதுங்களே, என்ன போட்டீங்க இதுல" என்று இன்னொரு கை எடுத்தார். எடுத்தவர் மூடியில் ஒட்டியிருந்த இறகைப் பார்த்துவிட்டார். தொட்டியில் துப்பிய சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. அதுவரை ருசித்தது அந்த ஒரு இறகைப் பார்த்தவுடன் விஷமாகிவிட்டது.

இனிமேல் எழுதுவதைப் படித்துவிட்டு நீ என்னை அம்மா என்று கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை கண்ணு. யோசித்துச் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறும், நாக்கு தானாகவே புரண்டுவிட்டது. "அய்யோ, எங்க பழக்கம் இல்லீங்க சம்பந்திம்மா, மருமக பொறந்த ஊட்டுப் பழக்கமுங்க, காட்டுக்குள்ள இருந்த சனம், எத்தனை சொன்னாலும் உட மாட்டீங்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். லோகா கையில் ரசக்கரண்டியோடு எனக்கு நேர் எதிரில் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அந்தம்மாவைப் பார்த்து, "ஆமாங்க, நாந்தானுங்க வறுத்தேன், தெரியாம வெளிய வெச்சுட்டேனுங்க" என்றாள். அதோடு முடிந்ததா, இல்லை. அந்தம்மா என் காதோரம் வந்து, "அந்தப் பொண்ணு பரிமாற வேண்டாமுங்க, நீங்களே வைங்க" என்றார். நான் போய் லோகாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டேன். வாங்கினேன் என்று எழுதுவதே பொய், பிடுங்கினேன். அவள் விடிந்ததிலிருந்து சமைத்ததை நானும் சுகந்தியும் பரிமாறினோம். ரசம் அமிர்தமா இருக்குதே, யார் வெச்சது என்று சென்னகிருஷ்ணன் கேட்டார். சுகந்தி என்று சொன்னேன். சுகந்தியின் முகம் செத்துப்போயிற்று. எல்லாரும் கை நனைத்துச் சம்பந்தத்தை முடித்துக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்கள். லோகா பின்வாசலில் உட்கார்ந்திருந்தாள், அன்று அவள் சாப்பிட்டாளா என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து, "அம்மாவைப் பாத்துட்டு வாரேனுங்க அத்தை" என்றாள். ஒரு சுடுசொல் கிடையாது. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தொலைத்திருப்பேன், என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. ஒரு வாரம் போயிற்று, அடுத்ததும் போயிற்று, வரவில்லை. அவளுக்கு விசாவுக்காக மெட்ராஸ் வரச்சொல்லிக் கடிதம் வந்தது, அதைக் கொடுக்கிற சாக்கில் அன்னூருக்குப் பஸ் ஏறினேன். ஐயாசாமி சம்பந்தி வாசலுக்கே வந்து வாங்க வாங்க என்று கும்பிட்டார், நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். வீட்டில் சோறு கொதிக்கிற வாசம் வந்தது. ஆனால் என் முன்னால் பேக்கரி பன்னும் பிஸ்கட்டும் ஒரு பாட்டில் கலரும்தான் வந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு, "எங்கூட்டுக் கை பட்டது உங்களுக்கு வேண்டாமுங்க சம்பந்திம்மா. எம் புள்ள உங்க ஊட்டுக்கு வந்து உங்களைத் தலைகுனிய வெச்சுப்போட்டா, சேதி ஆர்.எஸ்.புரத்துல இருந்து இங்க வரைக்கும் வந்துபோச்சு, சந்தையில என்னையே கேக்கறாங்க, ஈசல் திம்பீங்களாமான்னு. அவளையும் கேட்டேன், ஆமாங்கப்பா, தின்னேன்னு சொல்லீட்டா. நான் வளத்த வளப்பு சரியில்லைங்க, மன்னிச்சுப்போடுங்க" என்றார்.

நீயே சொல், நான் அங்கே என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து அவர் காலைப் பிடித்திருக்க வேண்டும். நான் பன்னைப் பிட்டுத் தின்றேன். உண்மையைச் சொன்னால் அது ஆர்.எஸ்.புரத்துக்குப் போகும், சுகந்தியின் கல்யாணம் நின்றுபோகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே கலரையும் குடித்து முடித்தேன். லோகா கதவோரத்தில் நின்றாள், விசாக் கடிதத்தை வாங்கிக்கொண்டு நல்லா இருக்கீங்களா அத்தை என்று கேட்டாள். நல்லா இருக்கேன் கண்ணு என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து உன் அப்பாவிடம் சொல்லி அழுதேன். அவர், முடிஞ்சதைக் கெளறாதே, கல்யாணம் முடியட்டும் என்றார். சுகந்திதான் அடுத்த நாள் துணி மடித்துக்கொண்டே என்னிடம், "நாளைக்கு நான் அந்த ஊட்டுக்குப் போனா, அந்தம்மாவும் எதுக்காச்சும் எம்மேல பழியப் போடும்மா. அண்ணியாட்ட வாயடச்சு நிக்க எனக்குத் தெரியாது" என்றாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இதுவரை எழுதியதைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன், என்ன செய்யலாம் என்று நீ வழி சொல்வாய் என்று நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன். பிறகு யோசித்தால், அந்தப் பெண் தலையில் ஏற்றியதை இப்போது உன் தலையில் ஏற்றப் பார்க்கிறேன் என்று உறைத்தது. அதனால் நாலு நாளைக்கு முன்னால் யாரிடமும் சொல்லாமல் மறுபடி அன்னூர் போய் வந்தேன், மீதியை இப்போதுதான் எழுதுகிறேன். இந்தத் தடவை நாற்காலியில் உட்காரவில்லை. சம்பந்தியும் சம்பந்திம்மாவும் லோகாவும் நிற்கும்போதே, பிடித்தது நான், வறுத்தது நான், தொடவே பயந்த பிள்ளையை வற்புறுத்தித் தின்ன வைத்ததும் நான், காட்டுக்குள் இருந்த சனம் என்று பழியைப் போட்டதும் நான் என்று சொல்லிவிட்டேன். ஐயாசாமி சம்பந்தி சத்தமே போடவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அதுக்கு எம் புள்ளயக் காட்டுச் சனம்னு சொல்லோணுமுங்களா" என்று மட்டும் கேட்டார். அங்கே ஃபோன் இருந்தது. அவர்கள் முன்னாலேயே ஆர்.எஸ்.புரத்து நம்பரைப் போட்டு மாப்பிள்ளையின் அம்மாவிடமும் அதையே சொன்னேன். "ஈசல் திங்கறது என்னோட பழக்கமுங்க, பொறந்ததுல இருந்து திங்கறேன், எம் மருமக பேர்ல ஒரு குத்தமும் இல்லீங்க, பொய் சொன்னது நானுங்க" என்றேன். அந்தம்மா, அப்பறமாப் பேசறனுங்க என்று வைத்துவிட்டார்.

லோகாவிடம், எனக்காகத்தானே கண்ணு அந்த அருவருப்பை வாயில் போட்டாய் என்று அழுதேன். "பூச்சி திங்கறது எனக்கு அருவருப்பா இல்லீங்க அத்தை, எனக்குப் புடிச்சுத்தான் அத்தனையும் தின்னேன். நீங்க கரண்டியப் புடுங்குனதத்தான் என்னால முழுங்க முடியலீங்க" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அம்மா என்னைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடித்து உட்கார வைத்தார். முட்டிவலி என்று நான் புளுகினேன் அல்லவா, அவருக்கு நிஜமாகவே முட்டிவலி, நொண்டி நொண்டி வந்து சோறு போட்டார். உன் பெண்டாட்டி பரிமாற வரவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் கூடாது. கிளம்பும்போது வாசல் வரை வந்து, இங்கிருந்தே மெட்ராஸ் போய் விசா வாங்கிக்கொண்டு இங்கிருந்தே அவர் இருக்கிற ஊருக்குக் கிளம்பிக்கொள்கிறேன், வருத்தப்படாதீர்கள் என்று தன்மையாகச் சொன்னாள். சரி என்றேன்.

ஆர்.எஸ்.புரத்திலிருந்து இன்றுவரை ஃபோன் வரவில்லை. அப்பா என்னோடு பேசுவதில்லை, சோற்றுத் தட்டத்தைக்கூடச் சுகந்தியிடம்தான் கேட்கிறார். சுகந்தி அன்றைக்கு அவ்வளவு தைரியமாகப் பேசியவள், நான் ஃபோனில் சொன்னதைக் கேட்டதும் தலையணையில் முகத்தை வைத்து அழுதாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது, எனக்குத் தெரியும். ஒரு பெண்ணைக் காப்பாற்ற இன்னொரு பெண்ணைக் காவு கொடுத்தேன், இப்போது இரண்டு பேர் முகத்தையும் பார்க்க முடியாமல் இருக்கிறேன். உன் கேள்விக்கு வருகிறேன். ஊரில் பாதிப்பேர் பூச்சியைத் தின்பார்கள் சாமி, ருசியாக இருந்தால் இன்னொரு கையும் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டால்தான் யாரும் தின்றதில்லை. உங்கள் ஊரில் அதைத் தின்றுகொண்டே போட்டோவுக்கு நின்றார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த ஒன்றுதான் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

நீ இதைப் படித்ததும் அவளுக்கு ஃபோன் போட்டு எனக்காகப் பரிந்து பேசாதே. அவள் அங்கே வந்து சேர்ந்ததும், அவள் பேசுகிறபோது பேசட்டும், நீ கேட்டுக்கொள். அவள் சமைத்ததை யார் சமைத்தது என்று எவர் கேட்டாலும் அவள் பெயரைச் சொல். பனி விழும்போது காதை மூடிக்கொண்டு வெளியே போ, இருமலுக்கு நான் கொடுத்தனுப்பிய திப்பிலிப் பொடி இன்னும் இருக்கும், தேனில் குழைத்துச் சாப்பிடு. உங்கள் இரண்டு பேருக்கும் அம்மன் துணை இருப்பாள், நீங்கள் ஒற்றுமையாகவும் நிறைவாகவும் வாழவேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன், என் வாழ்த்துக்கு இன்னும் பலம் இருந்தால்.

அவள் கிளம்புகிற அன்று நானும் பீளமேடு ஏர்போர்ட்டுக்குப் போவேன், ஐயாசாமி சம்பந்தி வீட்டு ஆட்களுக்குப் பின்னால் எங்காவது நின்றுகொள்வேன். மரியாதை தெரிந்த பெண், அவள் என்னைத் தேடிக் கண்டுபிடித்து எல்லார் முன்னாலும் என் காலில் விழுந்துதான் விமானம் ஏறுவாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன் கண்ணு, அவள் குனியும்போது நான் எங்கே பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

உன் அம்மா,
வள்ளியாத்தாள்